வெயிலைப் பிடித்த பாய்

ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் அக்குறணைக் கடைத்தெருவில் முகில் படம் பார்க்காத வியாபாரியைக் காண்பது அரிது. பிங்கா ஓயா கரை மீறினால் ஏ9 வீதியே ஆறாக ஓடும் ஊர் அது. கீழ்த்தட்டுச் சாமான்களை மேலே ஏற்றிவிட்டுப் போவதா, அப்படியே விட்டுப் பூட்டுவதா என்ற முடிவு, வங்காள விரிகுடாவின் மேல் சுழலும் அந்த வெள்ளைத் திட்டை ஒரு தடவை பார்த்த பிறகுதான். முன்பெல்லாம் இரவுச் செய்தியின் கடைசியில் வந்த படம், இன்று கைபேசியிலேயே வருகிறது. செய்மதி எடுக்கும் படம் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அந்தப் படம் பிறந்த கதை எந்தச் செய்மதியிலும் தொடங்கவில்லை. நானூறு வருடங்களுக்கு முன்பு ஒரு வால்வெள்ளியின் வாலில் தொடங்கியது.

வால்வெள்ளியின் வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் நீளும். வால்வெள்ளி சூரியனை நெருங்கும்போது வால் பின்னால் வரும். விலகிப் போகும்போது வால் முன்னால் போகும். ஜேர்மன் வானியலாளர் யொஹானஸ் கெப்ளர் 1619 இல் வெளியிட்ட வால்வெள்ளி நூலில் இதற்கு ஒரு காரணம் சொன்னார். சூரியக் கதிர்களே அந்த வாலைத் தள்ளிக்கொண்டு போகின்றன என்றார். அதற்கு ஒன்பது வருடங்கள் முன்பே, 1610 இல், கலிலியோவுக்கு எழுதிய பகிரங்கக் கடிதத்தில், வானத்துக் காற்றுக்கு ஏற்ற கப்பலும் பாயும் செய்துவிட்டால் அந்த வெளியில் பயணம் போகவும் ஆட்கள் கிடைப்பார்கள் என்று எழுதியிருந்தார். கெப்ளர் சொன்னது சரியா என்று பார்க்க ஒரே வழிதான் இருந்தது. வெளிச்சத்தை எதன் மீதாவது விழவைத்து, அது அசைகிறதா என்று பார்க்க வேண்டும்.

பார்த்தார்கள். 18 ஆம் நூற்றாண்டில் பிரான்சில் தெ மைரான் வில்லைகளால் வெயிலைக் குவித்து மெல்லிய சக்கரங்களின் மேல் பாய்ச்சினார். சக்கரம் அசைந்தது, ஆனால் சூடான காற்று மேலெழுந்து தள்ளியதா, வெளிச்சம் தள்ளியதா என்று அவரால் பிரிக்க முடியவில்லை. இங்கிலாந்தில் ஜோன் மிச்செல் ஒரு மெல்லிய செப்புத் தகட்டைக் கம்பியின் முனையில் பொருத்திக் கண்ணாடியால் வெயிலைக் குவித்தார். வெயிலின் வெப்பம் கருவியையே கெடுத்துவிட்டது. நூறு வருடங்களுக்கு மேல் இதே இழுபறிதான். ஒளி தள்ளுகிறதோ இல்லையோ, ஒளியோடு கூடவே வரும் சூடு எல்லாக் கணக்கையும் குழப்பிக்கொண்டே இருந்தது.

1873 இல் ஸ்கொட்லாந்துக்காரரான ஜேம்ஸ் கிளார்க் மெக்ஸ்வெல் கையில் எந்தக் கருவியும் இல்லாமல், வெறும் சமன்பாடுகளால் விடையைச் சொன்னார். ஒளி ஒரு மின்காந்த அலை. அலை எதன் மீது மோதினாலும் அதைத் தள்ளத்தான் வேண்டும். எவ்வளவு தள்ளும் என்பதும் அந்தக் கணக்கிலேயே இருந்தது. பூமிக்கு அருகே ஒரு சதுர கிலோமீற்றர் பரப்புள்ள முழுக் கண்ணாடியின் மீது வெயில் நேராக விழுந்தால், அது தரும் தள்ளல் ஒரு கிலோ எடைக்கும் சற்றுக் குறைவு. இவ்வளவு சிறிய விசையை ஆய்வுகூட மேசையில் யார் அளக்கப் போகிறார்கள் என்று பலரும் நினைத்திருந்த வேளையில்தான், லண்டனில் ஒருவர் தன் கண்ணாடிக் குமிழுக்குள் அது சுழன்றுகொண்டிருப்பதாக அறிவித்தார்.

அவர் வில்லியம் குரூக்ஸ். தாலியம் என்ற மூலகத்தைக் கண்டுபிடித்து, அதன் அணுநிறையை மிகத் துல்லியமாக அளப்பதற்காக வெற்றிடத்துக்குள் தராசு வைத்தவர். சூடான பொருளை நிறுத்தபோது தராசு தடுமாறியது. வேறொருவராக இருந்தால் அதைத் தொல்லை என்று ஒதுக்கியிருப்பார். குரூக்ஸ் அதையே துரத்திப் போனார். காற்றுப் பெரும்பகுதியும் உறிஞ்சப்பட்ட ஒரு கண்ணாடிக் குமிழ். உள்ளே ஊசிமுனையில் நான்கு சிறு தகடுகள். ஒவ்வொன்றின் ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் வெள்ளை. வெயிலில் வைத்தால் போதும், தானாகச் சுழலும். லண்டன் நகரமே வேடிக்கை பார்த்தது. மெக்ஸ்வெல்லின் விசை கண்முன்னே சுழல்கிறது என்றே குரூக்ஸும் நம்பினார்.

ஆனால் அது தலைகீழாகச் சுழன்றது. ஒளி கறுப்பில் விழுந்தால் உறிஞ்சப்படும். பளபளப்பில் விழுந்தால் திரும்பித் தெறிக்கும். தெறிக்கும்போதுதான் தள்ளல் இரட்டிப்பாகும். ஆகவே வெள்ளைப் பக்கமே பின்வாங்க வேண்டும். குரூக்ஸின் குமிழில் பின்வாங்கியது கறுப்புப் பக்கம். 1876 இல் ஆர்தர் ஷூஸ்டர் அந்தக் குமிழையே நூலில் தொங்கவிட்டுப் பார்த்தார். தகடுகள் ஒரு பக்கம் சுழலத் தொடங்கியபோது குமிழ் எதிர்ப்பக்கம் திரும்பியது. தள்ளியது வெளியிலிருந்து வந்த ஒளி இல்லை, உள்ளே எஞ்சியிருந்த கொஞ்சநஞ்ச வாயு என்பது அம்பலமாயிற்று. அந்தக் குமிழ் இன்றும் விளையாட்டுப் பொருளாக விற்பனையாகிறது. உண்மையான ஒளி விசையைப் பிடிக்க இன்னும் கால் நூற்றாண்டு தேவைப்பட்டது, மொஸ்கோவில் ஒரு பிடிவாதக்காரரும் தேவைப்பட்டார்.

பியோத்தர் லெபெதெவ் வேலையைத் தலைகீழாகத் தொடங்கினார். ஒளியைக் கூட்டுவதில் அவர் மினக்கெடவில்லை. சூட்டை ஏமாற்றுவதில் இறங்கினார். தகட்டை மிக மெல்லியதாக்கினால் முன்பக்கமும் பின்பக்கமும் ஏறத்தாழ ஒரே சூட்டில் இருக்கும். அப்போது வாயு இரு பக்கமும் சமமாகத் தள்ளிச் சமாளித்துக்கொள்ளும். கண்ணாடிப் பாத்திரத்துக்குள் பாதரச ஆவியைச் செலுத்தி, எஞ்சிய காற்றையும் துடைத்தெடுத்தார். ஒளியை ஒரு தடவை முன்பக்கமும் மறு தடவை பின்பக்கமும் விழவைத்து இரண்டையும் ஒப்பிட்டார். பளபளப்பான தகடு, கறுத்த தகட்டைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு தள்ளப்பட்டது. மெக்ஸ்வெல் சொன்ன கணக்கேதான். 1900 இல் பாரிஸ் மாநாட்டில் முடிவை வாசித்தார். 1901 இல் அச்சில் வந்தது. அதே காலத்தில் அமெரிக்காவில் நிக்கல்ஸும் ஹல்லும் தனியாக அதே விடைக்கு வந்து சேர்ந்தார்கள். மெக்ஸ்வெல்லின் ஒளி அழுத்தத்தை வாழ்நாள் முழுக்க ஏற்காதிருந்த பிரித்தானியப் பௌதிகவியலாளர் கெல்வின் பிரபு, லெபெதெவின் சோதனைகள் தன்னைப் பணியவைத்துவிட்டதாக ஒப்புக்கொண்டார் என்று ரஷ்ய விஞ்ஞானி திமிரியாசெவ் எழுதிவைத்தார். லெபெதெவ் 1912 இல், 46 வயதிலேயே காலமானார். விசை இருப்பது நிச்சயமாகிவிட்டது. அதை வைத்து என்ன செய்வது என்ற கேள்விக்கு அடுத்த விடை ஐரோப்பாவில் பிறக்கவில்லை.

டாக்காவுக்கு அருகே ஒரு கிராமத்தில் சிறு பலசரக்குக் கடைக்காரரின் மகனாகப் பிறந்தவர் மேக்நாத் சாஹா. 1917 இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் இளம் விரிவுரையாளர். அவரைத் தூங்கவிடாத கேள்வி சூரியனைப் பற்றியது. சூரியனின் மேற்பரப்பிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் உயரத்தில் கல்சியம் தென்படுகிறது. ஐதரசனை விடப் பல மடங்கு பாரமான அணு, அவ்வளவு உயரத்தில் எப்படி மிதக்கிறது? சாஹாவின் பதில் அழகானது. அணு எல்லா நிற ஒளியையும் ஒரேமாதிரி ஏற்பதில்லை. தனக்குப் பொருந்திய நிறத்தை மட்டும் விழுங்குகிறது. அந்த நிறம் சூரியனில் அதிகமாக இருந்தால், அந்த அணுவை மட்டும் ஒளி தூக்கிப் பிடிக்கும். ஒளி எல்லாவற்றையும் குருட்டுத்தனமாகத் தள்ளுவதில்லை, தேர்ந்தெடுத்துத் தள்ளுகிறது என்ற எண்ணம் அன்றுதான் முழு உருவம் பெற்றது.

விரிவான கட்டுரையொன்றை எழுதி அமெரிக்காவின் வானியற்பௌதிகச் சஞ்சிகைக்கு அனுப்பினார். பதில் வந்தது: கட்டுரை நீளம், அச்சுச் செலவில் ஒரு பங்கை எழுதியவர் ஏற்றுக்கொண்டால் வெளியிடலாம். சொற்பச் சம்பளத்தில் பெற்றோரையும் தம்பியையும் தாங்கிக்கொண்டிருந்த சாஹாவால் அந்தப் பணத்தைப் புரட்ட முடியவில்லை. கட்டுரை கிடப்பில் போனது. சிறு குறிப்பு மட்டும் 1919 இல் வெளிவந்தது. பின்னாளில் அந்தத் துறையை வளர்த்த பெருமை பெரும்பாலும் இங்கிலாந்தின் மில்னுக்குப் போய்ச் சேர்ந்தது. சாஹா மனம் தளரவில்லை. 1918 இல் சுபோத் சந்திர சக்கரவர்த்தியுடன் சேர்ந்து கல்கத்தாவிலேயே ஒளியின் அழுத்தத்தை அளந்து காட்டினார். சில நூறு ரூபாய் இல்லாமல் ஒரு பெரிய சிந்தனை ஒதுங்கி நின்றது என்பதை இன்று வாசித்தாலும் மனம் ஆறுவதில்லை. அந்தச் சிந்தனை அறுபது வருடங்களுக்கும் மேலாகக் காத்திருந்து வேறொரு வாசலால் திரும்பி வந்தது. அது பிறகு வரும்.

இதற்கிடையே வானத்துக்கே ஏறிப்போய் ஒளி விசையைப் பார்க்கும் காலம் வந்தது. 1960 ஓகஸ்ட் 12 இல் அமெரிக்கா எக்கோ-1 என்ற இராட்சத பலூனை ஏவியது. அலுமினியம் பூசிய மெல்லிய தாள், 30 மீற்றர் விட்டம், உள்ளே ஏறத்தாழ ஒன்றுமில்லை. கண்டி மலைகளிலிருந்தும் வெறுங்கண்ணால் பார்க்கக்கூடிய நகரும் நட்சத்திரம். அதன் சுற்றுப்பாதை கணக்கிலிருந்து நழுவத் தொடங்கியது. வெயில் அதைத் தள்ளிக்கொண்டிருந்தது. பௌதிக மாணவர்களின் பாடக்குறிப்பில் தூங்கிய சின்ன விசை, ஒரு முழுச் செய்மதியையே பாதை மாற்றியதைப் பார்த்தபோது சிலருக்குப் பயம் பிறந்தது, சிலருக்கு ஆசை பிறந்தது. ஆசைப்பட்டவர்களில் ஒருவர் இலங்கையில் இருந்தார்.

ஆர்தர் சி. கிளார்க் 1956 இல் இந்தத் தீவுக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். கடலுக்குள் மூழ்கிப் பவளப்பாறை பார்ப்பதும், வானத்தைப் பற்றி எழுதுவதும்தான் அவர் வாழ்க்கை. 1964 மார்ச்சில் அமெரிக்கச் சாரணச் சிறுவர்களுக்கான சஞ்சிகை ஒன்றில் அவருடைய சிறுகதை வந்தது, பெயர் ‘சன்ஜாமர்’. பூமியிலிருந்து சந்திரனுக்கு ஒரு பாய்க்கப்பல் போட்டி. எஞ்சின் இல்லை, எரிபொருள் இல்லை. மைல் கணக்கில் விரிந்த மெல்லிய பாய், அதில் விழும் வெயில், அவ்வளவுதான். ஜோன் மேர்ட்டன் என்ற மாலுமி தனியாக ஓட்டும் டயானா என்ற கப்பல் முந்திக்கொண்டிருக்கும்போது சூரியப் புயல் ஒன்று கிளம்பி, போட்டியையே நிறுத்திவிடுகிறது. அடுத்த மாதமே போல் அன்டர்சன் என்ற இன்னொரு எழுத்தாளரின் கதை அதே தலைப்பில் வெளியானது. பிறகு கிளார்க் தன் கதையின் பெயரையே மாற்ற வேண்டியதாயிற்று. அதே 1964 டிசெம்பரில் தனுஷ்கோடியை அழித்த சூறாவளி வட இலங்கையையும் மோதிச் சென்றது. இந்து சமுத்திரத்தின் மேல் நின்ற இடத்திலேயே நின்று இரவு பகலாகப் பார்க்கும் கண் அன்று ஒன்றுகூட இல்லை.

கதையில் மட்டும் இருந்த பாய், ஒரு விபத்தால் நிஜத்துக்கு இறங்கியது. 1973 நவம்பரில் ஏவப்பட்ட மரினர்-10 விண்கலம் புதனை நோக்கிப் போகும் வழியில் தன் உடலைத் திருப்பப் பயன்படும் நைதரசன் வாயுவை வீணாக்கிக் கொட்டத் தொடங்கியது. இருந்த வாயு பயணத்துக்குப் போதாது. கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் துணிந்து ஒன்றைச் செய்தார்கள். சூரியப் பலகைகளையும் அன்ரனாவையும் இப்படி அப்படித் திருப்பி, அவற்றில் விழும் வெயிலின் தள்ளலாலேயே கலத்தை நேராகப் பிடித்தார்கள். ஒரு தடவை போய்வருவதற்காகத் திட்டமிட்ட பயணம், 1974 மார்ச், 1974 செப்டெம்பர், 1975 மார்ச் என மூன்று தடவை புதனைக் கடந்தது. ஒளியைச் சுக்கானாகப் பிடிக்கலாம் என்று உலகம் கண்டது. அந்தப் பாடம் மிக அவசரமாகத் தேவைப்பட்ட இடம் இந்தியாவாக இருந்தது.

1975 ஓகஸ்டில் இந்தியா, அமெரிக்காவிடம் கடன் வாங்கிய ஏடிஎஸ்-6 என்ற செய்மதியின் மூலம் ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி காட்டியது. அந்தச் சோதனைக் காலத்தில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமான இஸ்ரோவின் பொறியியலாளர்கள் கொழும்புக்கு வந்து, கிளார்க்கின் வீட்டில் ஒரு பெரிய தட்டு அன்ரனாவைப் பொருத்திக் கொடுத்தார்கள். பூமியோடு சேர்ந்தே சுழன்று ஒரே இடத்தின் மேல் நிற்கும் புவிநிலைச் செய்மதியால் உலகை இணைக்கலாம் என்று 1945 இலேயே எழுதியவருக்கு ஒரு மரியாதை. இலங்கையில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1979 இல்தான் தொடங்கியது. அதற்கு நான்கு வருடங்கள் முன்பே அந்த ஒரு வீட்டில் படம் தெரிந்தது. கடன் செய்மதியின் காலம் ஒரே வருடம். அடுத்து இந்தியா சொந்தமாக ஒன்று கேட்டது, அதுவும் எவரும் கேட்காத மாதிரி ஒன்று.

அந்தக் கோரிக்கைதான் இந்தக் கதையின் திருப்பம். தொலைபேசிக்கு ஒரு செய்மதி, தொலைக்காட்சிக்கு ஒரு செய்மதி, வானிலைக்கு ஒரு செய்மதி என்று பணக்கார நாடுகள் தனித்தனியாக வைத்திருந்தன. இந்தியா மூன்றையும் ஒரே உடலில் கேட்டது. அதுதான் இன்சாட்-1. கலிபோர்னியாவின் ஃபோர்ட் ஏரோஸ்பேஸ் நிறுவனம் செய்யத் தொடங்கியபோது இரண்டு தேவைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. இரவிலும் முகில் தெரிய வேண்டுமானால் அகச்சிவப்புக் கதிர்களைப் பார்க்கும் உணரி வேண்டும். அந்த உணரி பூச்சியத்துக்குக் கீழே 150 பாகையையும் தாண்டிய குளிரில் இருந்தால்தான் வேலை செய்யும். குளிர்ப்பதற்கு இயந்திரம் வைக்கவில்லை. செய்மதியின் வடக்கு முகத்தை இருண்ட விண்வெளிக்குத் திறந்து வைத்து, சூட்டை அந்த இருளுக்குள் கசியவிட்டார்கள். ஆனால் தொலைக்காட்சிக்கும் தொலைபேசிக்கும் நிறைய மின்சாரம் வேண்டும். மின்சாரத்துக்குச் சூரியப் பலகை வேண்டும். வழக்கம்போல் வடக்கே ஒரு சிறகு, தெற்கே ஒரு சிறகு என்று விரித்தால், வடக்குச் சிறகின் சூடே உணரியைக் குருடாக்கிவிடும்.

ஆகவே வடக்குச் சிறகை வெட்டிவிட்டார்கள். தெற்கே மட்டும் ஒற்றைச் சிறகு. அந்த நொடியே பழைய எதிரி வந்து நின்றான். பத்துப் பன்னிரண்டு சதுர மீற்றர் பலகையின் மீது விழும் வெயிலின் தள்ளல், இரண்டு மூன்று நுளம்புகளின் எடைதான். ஆனால் 36,000 கிலோமீற்றர் உயரத்தில் எதிர்த்துப் பிடிக்கக் காற்று இல்லை, உராய்வு இல்லை. வெயிலுக்கு விடுமுறையும் இல்லை. ஒரு பக்கத்தில் மட்டும் ஓயாமல் விழும் அந்தத் தள்ளல் செய்மதியைத் திருகிக்கொண்டே இருக்கும். திருகலை ஒவ்வொரு தடவையும் எரிபொருள் பீச்சித் திருத்தினால், ஏழு வருடத்துக்கான எரிபொருள் எத்தனை மாதம் வரும்?

பதில் கிளார்க்கின் கதைக்குள்ளிருந்து வந்தது போலிருந்தது. வடக்குப் பக்கத்தில் ஒரு நீண்ட மெல்லிய கழியை நீட்டி, அதன் நுனியில் ஒரு பாயைக் கட்டினார்கள். அவ்வளவு தூரத்தில் இருப்பதால் அது உணரிக்குச் சூடு கொடுக்காது, மின்சாரமும் தராது. அதன் ஒரே வேலை வெயிலைப் பிடிப்பது. தெற்கில் பெரிய பலகை குறைந்த தூரத்தில், வடக்கில் சிறிய பாய் அதிக தூரத்தில். இரண்டின் திருகலும் ஒன்றையொன்று கொன்றுவிடும். வெயிலால் வந்த தொல்லையை வெயிலாலேயே அடக்கும் ஏற்பாடு. இத்தனை எளிமையான ஒரு தீர்வைப் பொறியியலில் அடிக்கடி பார்க்கக் கிடைப்பதில்லை. காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தது.

1982 ஏப்ரல் 10 இல் அமெரிக்காவின் கேப் கனாவெரலிலிருந்து இன்சாட்-1ஏ கிளம்பியது. மேலே போனதும் தொல்லைகள் வரிசை கட்டின. முதலில் ஒரு அன்ரனா விரிய மறுத்தது. பல நாள் போராட்டத்துக்குப் பிறகு அது விடுபட்டது. பாய் விரியவேயில்லை. கர்நாடகத்தின் ஹாசனில் இருந்த கட்டுப்பாட்டு நிலையம் கட்டளை மேல் கட்டளை அனுப்பியும் அது மடிந்தபடியே கிடந்தது. செய்மதி வேலை செய்தது, இந்திய அரச தொலைக்காட்சியான தூரதர்ஷனின் நாடளாவிய ஒளிபரப்புக்கும் தோள் கொடுத்தது. ஆனால் எதிரெடை இல்லாத ஒற்றைச் சிறகை வெயில் இரவு பகலாகத் திருகியது. ஒவ்வொரு திருகலுக்கும் எரிபொருள் செலவானது. ஏழு வருடம் வாழ வேண்டியது, செப்டெம்பரில், ஐந்து மாதத்துக்குள், எரிபொருள் தீர்ந்து கைவிடப்பட்டது. அந்த மரணத்துக்குக் காரணங்கள் வேறும் இருந்தன; என்றாலும் விரியாத ஒரு பாயின் விலை என்ன என்பதை இந்தியா அன்று கற்றுக்கொண்டது. அடுத்ததும் இப்படியே போனால் திட்டமே முடிந்துவிடும்.

இன்சாட்-1பி, 1983 ஓகஸ்ட் 30 இல், சலெஞ்சர் விண்ணோடத்தின் முதல் இரவு ஏவலில் ஏறியது. இந்தத் தடவை சூரியப் பலகையே திறக்க மறுத்தது. ஹாசனில் இருந்தவர்களும் ஃபோர்ட் நிறுவனத்தவர்களும் இரண்டு வாரத்துக்கு மேல் செய்மதியை உலுக்கியும் திருப்பியும் பார்த்தார்கள். செப்டெம்பர் நடுவில் பலகை திறந்தது. ஒக்டோபரில் 1பி வேலையைத் தொடங்கியது. திட்டமிட்ட ஏழு வருடத்தையும் ஓட்டி முடித்தது. பகலில் 2.75 கிலோமீற்றர், இரவில் 11 கிலோமீற்றர் துல்லியத்தில் இந்து சமுத்திரத்தின் முகில்களை அது படம்பிடித்து அனுப்பியது. தூரதர்ஷன் செய்தியின் முடிவில் வந்த, இலங்கையும் இந்தியாவும் கோட்டுருவமாகத் தெரிந்த அந்தக் கறுப்பு வெள்ளைப் படம் இதுதான். அக்குறணையில் இன்று கைபேசியில் திறக்கப்படும் முகில் படத்தின் மூத்த தலைமுறை. ஒரு பக்கம் சூரியப் பலகையும் மறுபக்கம் வெயில் பாயுமாகத் தராசு போல நின்று எடுத்த படம்.

அதே வருடங்களில் ஒளி விசையின் இன்னொரு கிளை மிகச் சிறியவற்றின் பக்கம் வளர்ந்துகொண்டிருந்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஆர்தர் அஷ்கின் 1970 இலேயே லேசர் கதிரால் தண்ணீருக்குள் நுண்ணிய பிளாஸ்டிக் உருண்டைகளைத் தள்ளியிருந்தார். தள்ளும் என்று எதிர்பார்த்தார், தள்ளியது. எதிர்பாராதது, கதிரின் விளிம்பில் இருந்த உருண்டைகள் கதிரின் நடுவுக்கு இழுக்கப்பட்டதுதான். 1985 இல் அங்கேயே ஸ்டீவன் சூவும் கூட்டாளிகளும், அணு விழுங்கும் நிறத்துக்கு லேசரைப் பொருத்தி, அதன் தள்ளலால் சோடியம் அணுக்களின் ஓட்டத்தை அடக்கினார்கள். அணுவைத் தேர்ந்தெடுத்துத் தள்ளும் ஒளி என்று கல்கத்தாவில் அச்சுக்கூலிக்கு வழியின்றி நின்ற எண்ணம், இந்த வாசலால்தான் உள்ளே வந்தது. 1986 இல் அஷ்கின் குழு ஒரே லேசர் கதிரை ஒளி இடுக்கியாக்கியது.

அடுத்தது ஒரு விபத்து. வைரஸ் இருந்த பழைய கரைசலில் தானாக நீந்தும் விசித்திரத் துணிக்கைகள் இடுக்கியில் மாட்டின. பார்த்தால், கரைசலில் வளர்ந்திருந்த பக்டீரியா! பச்சை லேசர் அவற்றைக் கொன்றது. அகச்சிவப்புக்கு மாற்றியதும் உயிரோடு பிடிக்க முடிந்தது. இன்று கலங்களுக்குள் சுமை இழுக்கும் புரத மோட்டார்களின் இழுவிசையை அளப்பதும், நுண்ணிய பற்சக்கரங்களைச் சுழற்றுவதும் அந்த இடுக்கியால்தான். அஷ்கினுக்கு 2018 இல் நோபல் கிடைத்தபோது வயது 96.

இன்சாட் பக்கம் தொல்லைகள் ஓய்ந்தபாடில்லை. 1988 இல் போன 1சி பாதி மின்சாரத்தை இழந்து அடுத்த வருடமே செயலிழந்தது. 1டி ஏவுதளத்தில் நின்றபோது தூக்கி ஒன்றின் கொக்கி மேலே விழுந்து சேதமாக்கியது. பழுதுபார்க்கக் கலிபோர்னியாவுக்கு எடுத்துப் போனால், 1989 ஒக்டோபரில் அங்கே பெரும் நிலநடுக்கம். எல்லாவற்றையும் கடந்து 1990 ஜூனில் ஏறியது. 1992 ஜூலையில் இஸ்ரோ பெங்களூரில் தானே செய்த முதல் இன்சாட், 2ஏ, மேலே போனது. அதிலும் கழியும் பாயும் இருந்தன. இரண்டு வருடம் கழித்து ஆச்சரியமான ஒன்று நடந்தது. 1994 ஏப்ரலில் அமெரிக்கா ஏவிய புதிய வானிலைச் செய்மதி கோஸ்-8 இன் ஒரு பக்கம் சூரியப் பலகை, மறுபக்கம் நீண்ட கழி, நுனியில் கூம்பு வடிவப் பாய். இந்தியா கேட்டதற்காக வரைந்த உடலமைப்பை அதே தொழிற்சாலை அமெரிக்காவுக்கும் எடுத்து வளர்த்திருந்தது. அத்திலாந்திக் சூறாவளிகளை அமெரிக்கர்கள் பல வருடங்கள் பார்த்தது, இன்சாட்டில் பிறந்த பாயின் துணையோடுதான்.

1ஏ ஏறிச் சரியாக 21 வருடம் கழித்து, 2003 இல், இந்திய நேரப்படி அதே ஏப்ரல் 10 இல், இன்சாட்-3ஏ ஏறியது. பாய் ஒழுங்காக விரிந்தது. 2010 மே 21 இல் யப்பான் ஏவிய இக்காரொஸ், வெறும் பாயாகவே விண்வெளியில் ஓடிய முதல் கலமாயிற்று. பக்கத்துக்கு 14 மீற்றர், தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கிலும் குறைவு. ஜூலையில் வெயில் தன்னைத் தள்ளுவதை அது அளந்து உறுதிசெய்தது, டிசெம்பரில் வெள்ளிக் கிரகத்தைக் கடந்தது. கிளார்க் அதைப் பார்க்க இருக்கவில்லை. 2008 மார்ச்சில் கொழும்பில் காலமாகியிருந்தார். அவர் கதையின் முதல் தலைப்பையே சூட்டி நாசா ஒரு பாய்க்கலத்தைத் திட்டமிட்டது. சன்ஜாமர், 1,200 சதுர மீற்றர். சூரியப் புயல் வருமுன் எச்சரிக்கும் இடத்துக்கு ஒரு பாய் போக முடியும் என்று காட்டுவது அதன் நோக்கம். டயானாவின் போட்டியைக் குலைத்த அதே புயல். பாயின் கால்பகுதியைத் தரையில் விரித்துச் சோதித்தும் பார்த்தார்கள். 2014 ஒக்டோபரில் திட்டம் கைவிடப்பட்டது.

அந்த நாளிலும், பூமத்திய ரேகைக்கு மேலே 93.5 பாகை கிழக்கில், இன்சாட்-3ஏ தன் சின்னப் பாயை விரித்தபடி முகில் படம் அனுப்பிக்கொண்டிருந்தது. 2016 வரை அனுப்பியது. அதற்கு அடுத்த தலைமுறையான இன்சாட்-3டி வரிசைக்குப் பாய் கிடையாது. ஒற்றைச் சிறகோடு நிற்கும் அவை, உணரியின் மேல் வெயில் படாதிருக்க வருடத்துக்கு இரண்டு தடவை முழு உடலையும் திருப்பிக்கொள்கின்றன.